அழுதா அம்மாவ அனுப்பிருவேன்

போன மாதம் என் பல் கிளினிக்கை உங்கள் இருவரிடமும் ஒப்படைத்த அன்று நிறையக் கேள்விகள் கேட்டீர்கள். கம்ப்ரசர் ஏன் மதியத்தில் முனகுகிறது, எந்தக் கடையில் பொருள் வாங்கலாம், தண்ணீர் வராத நாளில் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு வேலை பார்க்குறப்ப அப்பா அம்மாவ உள்ள வச்சுக்கணுமா, வெளிய உக்கார வைக்கணுமா மேடம்? நீங்க எப்படி?"

"ஆளப் பார்த்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதற்காக ஒரு குழந்தை பட்ட பாடும் எனக்குத் தெரியும். அதை மறைத்துக்கொண்டு முடிவை மட்டும் உங்கள் கையில் கொடுப்பது நேர்மையில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல்லில் கிளினிக் போட்ட நாளிலிருந்து ஒரு விதி வைத்திருந்தேன். குழந்தை உள்ளே, பெற்றவர்கள் வெளியே. இந்த விதி நான் கண்டுபிடித்தது இல்லை. கல்லூரியில் எங்களுக்குக் குழந்தைகளின் பல் வைத்தியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியரிடமிருந்து வந்தது. "பிள்ளைக்குப் பயப்படத் தெரியாது. அம்மா முகத்தப் பார்த்துத்தான் கத்துக்குது. அந்த முகம் வெளிய இருக்கட்டும்" என்பார். சொன்னபடியே செய்தும் காட்டுவார். கதவைச் சாத்திவிட்டு, குழந்தையின் சட்டையில் இருக்கும் யானைக்கு முதலில் பல் எண்ணுவார். "இந்த யானை காலைல பல்லு விளக்குச்சா?" என்று கேட்பார். அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இரண்டு விஷயம் இருந்தது. சாத்திய கதவும் இருந்தது, யானைக்குப் பல் எண்ணுகிற பொறுமையும் இருந்தது. நான் கதவை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாசலில் பதினைந்து பேர் காத்திருக்கும்போது யானைக்கெல்லாம் எங்கே நேரம்?

கிளினிக் போட்ட பதினோராவது வருடம், பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் ஒரு நாள், சின்னாளபட்டியிலிருந்து முத்துலட்சுமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கணவர் தறி நெய்கிறவர். இவள் வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். மகள் பெயர் தர்ஷினி. ஐந்து வயது. அந்த வருடம்தான் யு.கே.ஜி. சேர்ந்திருந்தாள். இரட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன். இன்னொரு ரிப்பன் பஸ்ஸில் விழுந்துவிட்டதாம்.

கீழ் வரிசையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் சொத்தை. இடது பக்கம் ஆழம். அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, சுத்தம் செய்து அடைத்துவிடலாம் என்றேன். முத்துலட்சுமி எழுந்து நின்றாள்.

"நானும் உள்ள வரட்டா டாக்டரம்மா? இவளுக்கு என்னைய விட்டு இருந்து பழக்கமில்ல. பள்ளிக்கூடத்துக்கே இப்பத்தான் அழுகாமப் போறா."

"நீங்க வந்தாத்தான் அழுவா. செத்த நேரம் இங்கயே உக்காருங்க. நாங்க பார்த்துக்குறோம்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நம் ஊரில் டாக்டரிடம் யார் மறுபேச்சுப் பேசுகிறார்கள்?

தர்ஷினியை நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணத் தொடங்கியது. அப்போது நான் வழக்கமாகச் சொல்கிற ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "சமத்தா இருக்கணும். அழுதா அம்மாவ வீட்டுக்கு அனுப்பிருவேன். சரியா?"

உதடு அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தைந்து நிமிடம் அந்தக் குழந்தை ஒரு சத்தம் போடவில்லை. ஊசி போட்டபோது கண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. "வாயத் திற" என்றால் திறந்தாள். "அசையாத" என்றால் அசையவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே கூட்டிக்கொண்டு போய் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "தங்கமான பிள்ள. பெரிய ஆளுங்க கூட இப்படி உக்கார மாட்டாங்க." கையுறையை ஊதி பலூன் போல் கட்டிக் கொடுத்தேன். முத்துலட்சுமிக்கு முகம் பூரித்துவிட்டது. தர்ஷினி பலூனை வாங்கவில்லை. இரண்டு கையாலும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தபோது என் உதவியாளர் ஜெசிந்தா நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பிள்ள ஈரம் பண்ணிருச்சு. ரொம்பப் பயந்து போயிருக்கு."

"சின்னப் பிள்ளதான. நடக்குறதுதான்" என்றேன்.

ஜெசிந்தா துணியைப் பிழிந்து போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று எனக்குக் கிடைத்த எச்சரிக்கை அது ஒன்றுதான். அதைத் தாண்டிப் போய்விட்டேன். சத்தம் போடாத பிள்ளையைப் பயப்படாத பிள்ளை என்று நினைப்பது நம் தொழிலில் மிகச் சுலபம். ஏனென்றால் அது நமக்கு வசதி.

வலது பக்கப் பல்லுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் வரவில்லை. நானும் போன் செய்து கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். முத்துலட்சுமி நனைந்துபோய் உள்ளே ஓடி வந்தாள். தோளில் தர்ஷினி. வலது தாடை வீங்கி, வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. வாயோரம் எச்சில் வடிந்துகொண்டிருந்தது.

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து தண்ணி கூட உள்ள இறங்கல டாக்டரம்மா. காச்சல்னு மருந்து குடுத்தேன். விடியப் பார்த்தா மூஞ்சி இம்புட்டு ஆயிருச்சு."

எச்சில் விழுங்க முடியாத குழந்தை. இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால், நாக்கு மேலே தள்ளி மூச்சுக் குழாயை அடைக்கும். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் ஒரு தடவையாவது வாய்க்குள் பார்த்தாக வேண்டும்.

பழக்கதோஷம். "பாப்பாவ நாற்காலில விடுங்க" என்று முத்துலட்சுமியிடம் கையை நீட்டிவிட்டேன். தர்ஷினி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை. பல்லைக் கடித்து, ஒரு கையால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூக்கால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெசிந்தா என் முழங்கையைத் தொட்டார். "மேடம், அம்மா மடிலயே இருக்கட்டும். அவங்ககிட்ட இருந்து பிரிச்சா மூச்சு வாங்கும்."

அவர் சொன்னது சரி. அந்த நிலையில் அந்தக் குழந்தையைப் பிரித்து, படுக்க வைத்து, போராட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. முத்துலட்சுமியை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். மகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் தரையில் முழங்கால் போட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன்.

"ஏம்மா, இம்புட்டு நாள் வலிக்குதுன்னு சொல்லலையா இவ?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது என்று நினைக்கிறேன்.

"சொல்லலையே டாக்டரம்மா. நான் கேக்காத நாளில்ல. வலிக்கல வலிக்கலன்னே சொன்னா. ஒரு மாசமா சோத்த மெல்லாம முழுங்குனா. வெஞ்சனம், பொரியல் எதையும் தொடவே மாட்டா. கேட்டா, எனக்கு இப்படித்தான் பிடிக்கும்பா."

அப்போது தர்ஷினி பேசினாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல் குரல் குழறியது. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் அழலம்மா. நான் அழவே இல்ல. நீ போயிராத."

"நான் எங்கடா போகப் போறேன்?"

தர்ஷினி என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "அவங்க சொன்னாங்க. அழுதா அம்மாவ அனுப்பிருவேன்னு."

முத்துலட்சுமிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்புவேன் என்று நான் சொன்னது எனக்குத்தான் ஒரு விளையாட்டு வார்த்தை. ஐந்து வயதுக்குக் கேட்டது 'அனுப்பிருவேன்' மட்டும். எங்கே அனுப்புவார்கள், திரும்பி வருவாளா என்றெல்லாம் அவளுக்கு யார் சொன்னது? வலி என்று சொன்னால் இங்கே கூட்டி வருவார்கள். இங்கே வந்தால் அழுகை வரும். அழுகை வந்தால் அம்மா இருக்க மாட்டாள். அதனால் நான்கு மாதமும் வலிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

எத்தனை குழந்தைகளிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன் என்று அப்போது எண்ணிப் பார்க்க நேரமில்லை. பிறகு பல நாள் எண்ணிப் பார்த்தேன்.

"பாப்பா, நான் சொன்னது தப்பு" என்றேன். "தெரியாம சொல்லிட்டேன். உன் அம்மாவ என்னால அனுப்ப முடியாது. யாராலயும் முடியாது. நீ அழுதாலும் அம்மா இங்கதான் இருப்பாங்க. நான் உன் வாய்க்குள்ள ஒரே ஒரு தடவ பார்க்கணும். கைல ஊசி இல்ல, பாரு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். முத்துலட்சுமி என்ன புரிந்துகொண்டாளோ, மகளின் உச்சந்தலையில் முகவாயை வைத்து, "அம்மா இருக்கேன்டா. எங்கயும் போகல" என்றாள். குரல் ஆடவில்லை. அந்த நேரத்தில் அந்தக் குரல் எப்படி ஆடாமல் இருந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

தர்ஷினி வாயிலிருந்து கையை எடுத்தாள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. அது போதும். நாக்கு மேலே எழும்பத் தொடங்கியிருந்தது.

மதுரைக்கு அனுப்புவதா, ஊரிலேயே பார்ப்பதா? மதுரையில் எனக்குத் தெரிந்த நல்ல முக அறுவை மருத்துவர் இருந்தார். ஆனால் மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் கோடை ரோடு பக்கம் மூச்சு அடைத்தால் என்ன செய்வேன்? இந்தக் குழந்தைக்கு அடுத்த அரை மணி நேரத்தில் தேவை கெட்டிக்கார அறுவை மருத்துவர் இல்லை, மூச்சுக் குழாயைக் காப்பாற்றத் தெரிந்த மயக்க மருந்து மருத்துவர். ஊரிலேயே ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மயக்க மருந்து மருத்துவர் இருந்தார். காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். "உடனே கொண்டு வாங்க" என்றார்கள். காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பும் வேலையை ஜெசிந்தா பார்த்துக்கொண்டார். ஆம்புலன்ஸை வரவழைத்து நானும் கூடவே ஏறினேன்.

ஆம்புலன்ஸ் தம்பி ஸ்ட்ரெச்சரைத் தயாராக வைத்திருந்தார். "பிள்ளையப் படுக்க வைங்க மேடம். அம்மா முன்னாடி உக்காரட்டும்."

"படுத்தா மூச்சு அடைக்கும் தம்பி. அம்மா மடில நிமிர்ந்தே இருக்கட்டும். நீங்க ஆக்சிஜன மட்டும் பக்கத்துல பிடிங்க."

அவர் உடனே புரிந்துகொண்டார். முத்துலட்சுமி ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தாள். அவள் மேல் சாய்ந்தபடி தர்ஷினி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முத்துலட்சுமி தன் கையால் அந்தச் சின்னத் தலையைத் தாங்கினாள். நான் தர்ஷினியின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

தியேட்டர் வாசலில் மறுபடியும் ஒரு கதவு. நாற்பது வயது மதிக்கத்தக்க மயக்க மருந்து மருத்துவர் வெளியே வந்து பார்த்தார். "அம்மா இங்கயே நிக்கட்டும்" என்றார். நான் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

"சார், ஒரு நிமிஷம்" என்று அவரைத் தனியே கூப்பிட்டேன். "அழுதா அம்மாவ அனுப்பிருவேன்னு நான்தான் போன தடவ இவகிட்ட சொன்னேன். நாலு மாசமா அந்தப் பயத்துலயே வலிய மறைச்சிருக்கா. இப்ப பிரிச்சா அவ போராடுவா. அவ போராடுற நிலமைல இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். முத்துலட்சுமியிடம் போனார்.

"ஏம்மா, நீங்க உள்ள வரலாம். பிள்ள மயங்குற வரைக்கும் மடில வச்சிருக்கலாம். ஆனா நான் போங்கன்னு சொன்ன அடுத்த நிமிஷம் போயிரணும். ஒரு கேள்வி கேக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும் சார்."

"அழக் கூடாது."

"வெளிய வந்து அழுதுக்குறேன் சார்."

பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும் ஓரமாக நின்றேன். மயக்க மருந்து மருத்துவர் ஊசியை எடுக்கவில்லை. முகமூடியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, உட்கார்ந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மயக்கம் கொடுத்தார். தர்ஷினியின் விரல்கள் அம்மாவின் கட்டை விரலைச் சுற்றியிருந்தன. அவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "போங்கம்மா" என்றார் அவர்.

முத்துலட்சுமி எழுந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் திரும்பி நடக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக அடி வைத்துக் கதவு வரை போனாள். குழந்தைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. பின்னாலேயே நானும் வந்தேன். கதவு சாத்தியதும் அவள் வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவர் கண்ணன் தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். சட்டையில் நூல் ஒட்டியிருந்தது. மூன்று பேரும் அந்த நடையில் இருந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் சத்தம் வந்தால் பயம். சத்தம் வராவிட்டால் அதைவிடப் பயம். என் கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எத்தனை அம்மாக்கள் இப்படி உட்கார்ந்திருப்பார்கள்!

அவர்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த டாக்டரம்மாவாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கண்ணன் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். என் வாயால் வந்த வார்த்தை, அதனால்தான் அவள் வலியைச் சொல்லவில்லை என்று சொன்னேன்.

கண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நாங்களும் அப்படித்தான சொல்லுறோம் டாக்டரம்மா. சாப்பிடலன்னா பூச்சாண்டிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேம்போம். பிள்ளைக அத நெசம்னு நினைக்கும்னு யாருக்குத் தெரியும்."

முத்துலட்சுமி அப்படி எளிதில் விடவில்லை. அவள் என்னைத் திட்டவும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி சொன்னாள்: "நாலு மாசமா நான் அவளப் பார்த்துக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவதான் என்னையப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கா."

என் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சீழை வெளியேற்றி, அந்தப் பல்லையும் எடுத்திருந்தார்கள். மூச்சு சீராக இருந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது தர்ஷினி டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். நான் வாசலோடு நின்று, "சும்மா பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அது எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கதவைத் திறந்துவிட்டேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சில அம்மாக்கள் உள்ளே வந்து, நான் சொல்வதற்கு முன்பே "ஊசியெல்லாம் போட மாட்டாங்கடா" என்று பொய் சொன்னார்கள். சிலர் குழந்தைக்குப் பதிலாக அவர்களே பதில் சொன்னார்கள். என் பேராசிரியர் சொன்னது முழுத் தப்பில்லை என்று அந்த நாட்களில் பல தடவை தோன்றியது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி தன் ஏழு வயது மகளோடு வந்தார். கேரளாவுக்கு லாரி லாரியாக அனுப்புகிறவர். ஆறடி ஆள். மீசை வேறு. நான் ஊசியைக் கையில் எடுத்ததும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏனுங்க டாக்டர், அத்தனையுமா உள்ள போகோணும்?" என்று கேட்டுக்கொண்டே சுவரோடு சரியப் பார்த்தார். ஜெசிந்தா பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அப்பாவ வெளிய உக்கார வைங்க டாக்டர். அவரு பயந்துக்குவாருங்க. நான் இருந்துக்குவேன்." அப்பா வெளியே போனார். ஜெசிந்தா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். மகள் ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டு போய், "ஒண்ணுமில்லீங்கப்பா" என்று அவர் முதுகைத் தட்டினாள்.

அன்றுதான் எனக்குத் தெளிந்தது. பெற்றவர் உள்ளேயா வெளியேயா என்று நானே தீர்மானித்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவே இல்லை. அதன் பிறகு பேசத் தெரிந்த எல்லாக் குழந்தைகளிடமும் கேட்டேன். "உன்கூட யாரு இருக்கணும்?" சிலர் அம்மா என்பார்கள், சிலர் அப்பா. ஒரு பையன், "கதவு திறந்திருந்தாப் போதும்" என்றான். பேசத் தெரியாத வயது என்றால் கேள்வியே இல்லை, அம்மா மடிதான். உள்ளே வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன்: பாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் பேசும்போது நீங்கள் பேச வேண்டாம், வலிக்காது என்று சொல்லாதீர்கள், இருக்கேன் என்று மட்டும் சொல்லுங்கள். வேலை கொடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பயம் பாதி குறைந்துவிடும். அப்படியும் முடியாதவர்களை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். ஆனால் குழந்தையிடம் சொல்லிவிட்டு, எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டிவிட்டு, எப்போது வருவார்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான்.

ஒன்றில் மட்டும் நான் ஆளைப் பார்த்து முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். பெற்றவர்களைப் பிரிப்பதைத் தண்டனையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். விளையாட்டாகக் கூட வேண்டாம். வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் வேண்டாம். நமக்கு அது ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தும் வார்த்தை. அந்தக் குழந்தை அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த மார்கழியில் தர்ஷினி திரும்ப வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிடுங்கிய பல்லின் இடத்தில் மற்ற பல் சாயாமல் இருக்க ஒரு சின்ன வளையம் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு சொத்தையையும் அடைக்க வேண்டும். வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். முத்துலட்சுமியிடம் கேட்டே விட்டேன்.

"அவதான் டாக்டரம்மா இங்க வாரேன்னா. நீங்க சொன்னது தப்புன்னு நீங்களே சொன்னீங்களாம்ல. அத ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா."

நாற்காலியில் முத்துலட்சுமி உட்கார்ந்தாள். அவள் மேல் தர்ஷினி சாய்ந்தாள். ஊசி போடப் போகிறேன், கட்டெறும்பு கடிப்பது போல இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். அவள் யோசித்தாள்.

"அழலாமா?"

"அழலாம்."

"சத்தமா?"

"எம்புட்டுச் சத்தமா வேணும்னாலும்."

ஊசி உள்ளே போனது. தர்ஷினி அழுதாள். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு அழுகை. வாய் நன்றாகத் திறந்திருந்ததால் எனக்கு வேலை சுலபமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை சட்டென்று நிறுத்தினாள். தலையைத் திருப்பி, அம்மா இருக்கிறாளா என்று பார்த்தாள். இருந்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.